வைப்பர் நின்ற ஐப்பசி

ஐப்பசி 9, ஞாயிறு

காலை மூட்டம். மதியம் நல்ல மழை.

வண்டியின் வைப்பர் நின்றுவிட்டது. நிற்கும் என்று எனக்கு ஆடி மாதமே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தங்கை வசந்தாவை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போய் வளையல், மஞ்சள், தாம்பூலத் தட்டு எல்லாம் வாங்கித் திரும்புகிறோம். வடுவூர் தாண்டியதும் மழை பிடித்தது. கண்ணாடி நடுவில் இரண்டு வைப்பரும் கும்பிடு போட்டதுபோல நின்றன. வசந்தா போட்ட சத்தத்தில் ஏரிக்கரைக் கொக்கு எல்லாம் பறந்தது. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஓட்டினேன். எதிரே வந்த பஸ் டிரைவர் எனக்கு சலாம் வைத்தார். (வசந்தா, திட்டினார் என்கிறாள்.)

மழை விட்டது. வெயில் வந்தது. வைப்பர் தானாக ஆட ஆரம்பித்தது. வெட்கம் கெட்டது.

"அண்ணே, பதினேழாம் தேதி திங்கக்கிழமை வளைகாப்பு முடிஞ்சு கவிதாவ இதுலயா கூட்டிட்டு வரப்போற?"

"வேற எதுல? தாய்மாமன் வண்டி இருக்கும்போது பல்லக்கா கேக்குது?"

கவிதா வசந்தாவின் மகள். ஒரத்தநாட்டில் வாழ்க்கைப்பட்டவள். இது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் தாய்மாமன்தான் அழைத்துவருவது எங்களுக்குள் வழக்கம். அவள் அக்காவையும் இதே வண்டியில் நான்தான் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கூட்டிவந்து இறக்கினேன். வழி நெடுக ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை. ஊரே பேசியது.

ஐப்பசி 10, திங்கள்

வெயில்.

மன்னார்குடியில் அன்சாரி பாய் கடை. வண்டிக் கரண்ட் வேலையில் கெட்டி. பாதி நான் சொல்லிக் கொடுத்தது.

ஸ்விட்ச் போட்டதும் வைப்பர் ஆடுகிறது! குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினோம். ஆடுகிறது. நிறுத்திப் போட்டோம். ஆடுகிறது.

"மாமா, இது உங்ககிட்ட மட்டும்தான் கோவிச்சுக்குது போல."

"பாய், நேத்து நின்னுச்சுய்யா. என் தங்கச்சி சாட்சி."

"நான் இல்லன்னு சொல்லலையே. நிக்கும்போது கொண்டாங்க. ஓடுற வண்டியில நான் எதைப் பாக்குறது?"

செய்தது:
பியூஸ் புதிது.
எர்த் வயர் முனை சுரண்டி முறுக்கியது.
ஸ்விட்சில் ஸ்பிரே.
டீ இரண்டு, அவர் கணக்கில்.

எர்த் என்று முதலில் சொன்னது நான். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் கரண்ட் என் சொல் கேட்கும்.

ஐப்பசி 12, புதன்

கவிதா மாமியார் வீட்டில் சமையல்காரர் விஷயம் பேசிவிட்டு வந்தேன். ஒரத்தநாட்டிலிருந்து மன்னார்குடி வரை கொட்டும் மழை. துளி ஒன்று எலுமிச்சங்காய் அளவு. லாரிக்காரன் எல்லாம் ஓரம் கட்டிவிட்டான். என் வண்டி மட்டும் ரோட்டில். வைப்பர் ஒரு நொடி நிற்கவில்லை.

வந்த கையோடு வசந்தாவுக்குப் போன். எல்லாம் சொன்னேன், லாரி உட்பட.

"சரிண்ணே. நீ சொன்னா சரிதான்" என்றாள்.

மனசு நிறைந்தது. வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டினேன். வீட்டுக்காரி செல்வி பூசணிக்காய்க் கூட்டு வைத்திருந்தாள், உப்பு குறைவு.

ஐப்பசி 14, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை.

உரம் வாங்கப் போனேன். கடைத்தெரு முனையில் வைப்பர் நின்றது. இறங்கி பானெட்டைத் தூக்கி மோட்டாரை ஸ்பேனரால் தட்டினேன். செல்லமாகத் தட்டினேன், பலமாகத் தட்டினேன். அசையவில்லை. ஓரம் கட்டி மழை விடும்வரை உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்களிடம், ஆளுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

அது போகட்டும். சாயங்காலம் நடந்ததைத்தான் எழுத வேண்டும். கொல்லைப்பக்கம் கை கழுவப் போனேன். செல்வி போனில்:

"அந்த வண்டி வேண்டாம் வசந்தா. வாடகைக் காரே சொல்லிடு. உங்க அண்ணன்கிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

கட்டிய மனைவி. கூடப் பிறந்த தங்கை. என் முதுகுக்குப் பின்னால், என் வீட்டுக் கொல்லையில், நான் ரீசார்ஜ் பண்ணிய போனில்!

கேட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமாங்க, நான்தான் சொன்னேன். வயித்துப்புள்ளக்காரிய உள்ள வச்சிக்கிட்டு நீங்க தலைய வெளிய நீட்டி ஓட்டுவீங்களா?"

"அது சரியாயிடுச்சு!"

"அப்ப காலையில கடைத்தெரு முனையில யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க? பால்காரர் சொன்னாரு."

பால்காரனும் சேர்ந்துவிட்டான்.

தாய்மாமன் இருக்கும்போது எவனோ ஒரு டிரைவர் கவிதாவை இறக்கிவிடுவான். ஆரத்தி எடுக்கும்போது நான் எங்கே நிற்பது? வண்டிக்குப் பின்னால் பஸ் பிடித்தா?

சாப்பிடவில்லை. பிறகு கோபத்தில் நான்கு தோசை.

ஐப்பசி 15, சனி

விடாத மழை. நல்லது.

நின்ற வைப்பரோடு, ஒரு கையில் துணி, ஒரு கையில் ஸ்டியரிங், ஊர்ந்து ஊர்ந்து பாய் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"இந்தா பாய். நிக்குது. பாத்துக்க."

கண்ணாடிக்குக் கீழே உள்ள கறுப்பு மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"மாமா, இந்த வருஷம் சம்பா எங்க நட்டீங்க?"

"ஏன்?"

"இங்கயும் நட்டிருக்கீங்களே."

பச்சைப் பசேல் என்று நாற்று. விரல் நீளம். நெல் நாற்று! நான் பொய் சொல்லவில்லை.

புரட்டாசியில் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு முறை வரும்வரை காவல் கிடந்தேன். மற்றவர்கள் சாக்கு விரித்துப் படுத்தார்கள். நான் காரிலேயே படுத்தேன், கௌரவமாக, தூற்றும் மெஷினை ஒட்டி வண்டியை நிறுத்தி. மெஷின் ஊதிய பதரும் கருக்காயும் நாலைந்து மணியும் அந்த மூடிச் சந்து வழியாக உள்ளே போய், தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிட்டன. மழை பெய்தால் உள்ளே வரப்புக் கட்டியதுபோலத் தண்ணீர் நிற்கிறது. மோட்டார் வயர் சேரும் இடம் முழுகுகிறது. வைப்பர் நிற்கிறது. வெயிலடித்தால் காய்ந்து ஓடுகிறது. இவ்வளவுதான் சங்கதி.

"களை எடுத்துட்டேன் மாமா. மேலுரம் நீங்க போட்டுக்குங்க." கடையே சிரித்தது.

நான் விதைத்து நான் அறுத்த நெல். அதுவும் என் காலை வாரிவிட்டது.

சுத்தம் செய்து, வயர் முனையை மாற்றி, கிரீஸ் அப்பி, துளையில் கம்பி விட்டுக் குத்தினார். மழையில் வீடு வரை வந்தேன். நிற்கவில்லை. இது நிஜம். செல்வியையே ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன். "ஓடுதுதான்" என்றாள். அவள் வாயால்.

ஐப்பசி 16, ஞாயிறு

தூறல். நாளை வளைகாப்பு.

வசந்தாவுக்குப் போன். நாற்று, துளை, கிரீஸ் எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அண்ணே, புதன்கிழமையும் இப்படித்தான் விளக்கமாச் சொன்னே. லாரியெல்லாம் நின்னுச்சுன்னு."

"ஆமா."

"அன்னிக்குக் கவிதா மாமியார் மாடியில வடகம் காயப் போட்டிருந்தாங்களாம். நல்லாக் காஞ்சுதாம்."

"ஊருக்கு வெளியில பேஞ்சுதும்மா."



"கவிதா, மாமா வண்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நீ எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. புதன்கிழமை மழை பேஞ்சுதுன்னு அவ வயித்துப்புள்ள மேல சத்தியமா சொல்லு. வாடகைக் காரை இப்பவே வேண்டாம்னுடறேன்."

"ஹலோ, ஹலோ" என்றேன். "டவர் இல்லம்மா" என்று வைத்துவிட்டேன். டவர் இருந்தது.

வாடகைக் காரே வரட்டும். நான் சீர்த் தட்டுகளை ஏற்றிக்கொண்டு பின்னால் போவேன்.

செல்வி கேட்டாள், "என்னங்க சொல்லுச்சு வசந்தா?" ஒன்றுமில்லை என்றேன்.

புதன்கிழமை மழை பெய்யவில்லை. வைப்பரை நான் போடவே இல்லை.