அத்தம்மாவின் நகல்

ஏப்ரல் 9

லேப்டாப்பில் இடமில்லை என்று இன்றும் அழுதுவிட்டது. அதுவும் ரெகார்டிங் நடுவில். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பாடகி தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறாள், இந்தப்பக்கம் நான் என் சொந்தக் கல்யாண வீடியோவை அழித்துக்கொண்டிருக்கிறேன். மானம் போயிற்று.

சாயங்காலம் செகந்திராபாத் போய்ப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். வாத்தியங்களாக ஒலிக்கும் பிளகின் மென்பொருள்கள் லேப்டாப்பிலேயே இருந்தாகவேண்டும், வெளியே வைத்தால் முறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் அவற்றின் வயிற்றில் இருக்கும் பியானோ, வயலின், கோரஸ் மூட்டைகள் எல்லாம் இனி வெளியேதான். காசு கொடுத்து வாங்கிய பிளகின்களின் சாவி எண்களையும் அதிலேயே போட்டு வைக்கிறேன், இல்லையென்றால் தேடித் தேடியே கிழவியாகிவிடுவேன்.

ஹார்ட் டிஸ்குக்குப் பெயர் கேட்டது. ‘அத்தம்மா’ என்று வைத்தேன். எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொள்ளும். லேசாக இடித்தால் கோபித்துக்கொண்டு முகம் காட்டாது. சித்திப்பேட்டையில் இருக்கும் என் நிஜ அத்தம்மாவுக்கு, அதாவது மாமியாருக்கு, இது தெரியவேண்டாம்.

ஏப்ரல் 13

ஒருவழியாக எல்லாம் அத்தம்மாவுக்குள் போய்ச் சேர்ந்தன. தப்பட்டை ஃபோல்டரைக் கடைசியாக நகர்த்தினேன். நகர்த்துவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை.

சில வருஷம் முன்னால் அபார்ட்மெண்ட் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய அன்று, அது காய்ந்ததும் மறுபடி நீர் விடுவதற்குள், தப்பட்டைக்காரர்கள் நால்வரை ஏணி வைத்து உள்ளே இறக்கி, மைக் வைத்துப் பதிந்தேன். மேலே தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக் காய்ச்சி உள்ளே கொடுத்தோம். வாட்ச்மேன் போலீஸைக் கூப்பிடுவேன் என்று குதித்தார். ஒரு அடி அடித்தால் அந்தத் தொட்டி அதை வாங்கி, கொஞ்சம் யோசித்து, அடிவயிற்றில் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான், பெண்கள் அம்மனுக்குத் தலையில் பானை சுமந்துபோகும் போனால் பண்டிகைக்கு மூன்று வருஷமாகப் பாட்டு செய்தேன். லாரியில் டிஜே போட்டுக்கொண்டு தெருவில் வந்தால், பாடுவது யார் என்று தெரியாதவர்கள்கூட ‘இது ஸ்ரவந்தி அக்கா அடி’ என்பார்கள். எனக்கு இருக்கும் சொத்து அது ஒன்றுதான்.

ஓதேலு வந்திருந்தான். நானும் அவனும் வேமுலவாடாவிலிருந்து ஒரே வருஷம் இந்தக் கிருஷ்ணா நகருக்கு வந்து விழுந்தவர்கள். ஆரம்பத்தில் ஒரே கீபோர்டை வாடகைக்கு எடுத்து இரண்டு பேரும் மாற்றி மாற்றி வாசித்தோம். வருஷா வருஷம் ராக்கி கட்டுகிறேன், என்னைவிட நன்றாகச் சமைக்கிறான், என்னைவிட மோசமாக இசை அமைக்கிறான் — இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன், சிரிப்பான்.

“இன்னொரு நகல் எடுத்து வைக்கா. ஒத்த டிஸ்க்க நம்பிக்கிட்டு இருந்தா ஒரு நாள் தலைல துண்டுதான்.”

எடுக்கவேண்டும்.

ஏப்ரல் 30

இன்னும் எடுக்கவில்லை.

மே 6

பித்தப்பையில் கல். நாளை அறுவை. வருஷா வருஷம் என்னிடம் போனால் பாட்டு வாங்கும் யாதகிரி சாரின் சேனலுக்கு ஒரு கல்யாணப் பாட்டு பாதியில் நிற்கிறது. ஓதேலு மருத்துவமனைக்கே வந்துவிட்டான். “நீ கண்ண மூடிப் படு. பாட்ட நான் முடிக்கிறேன். அந்த டிஸ்க்குப் பொட்டிய மட்டும் மாமாகிட்ட சொல்லிக் குடுக்கச் சொல்லு” என்றான். மாமா என்றால் என் கணவர் ரமாகாந்த். கொடுக்கச் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன்?

மே 14

வீட்டுக்கு வந்துவிட்டேன். குனியக்கூடாது, எண்ணெய் கூடாது, சிரிக்கக்கூட முடியவில்லை, தையல் இழுக்கிறது. பாட்டு போய்ச் சேர்ந்துவிட்டது, என் பெயரில்தான் போட்டிருக்கிறார்கள். டிஸ்கை உறை போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். கூடவே உப்பில்லாத பருப்புச் சாறு. அவன் போனதும் கொஞ்சம் அழுதேன். நல்ல அழுகைதான்.

ஜூன் 3

யாதகிரி சார் போன். இந்த வருஷம் போனால் பாட்டு எனக்கில்லை.

“ஒடம்பு சரியில்லாத பொண்ண எதுக்கும்மா கஷ்டப்படுத்தணும்? ஓதேலு பண்ணட்டும்னு சொல்லிட்டேன். போட்டுக் காட்டினான். அச்சு அசல் உன் அடிதான். உன் கூடவே திரிஞ்சவன்தான!”

போனை வைத்துவிட்டேன். அச்சு அசலாம்! ஊர் முழுக்க இத்தனை வருஷமாக முயன்று யாருக்கும் வராத அடி இவனுக்குத் திடீரென்று எப்படி வந்ததாம்?

ஜூன் 4

ஓதேலு வந்தான். வாசலிலேயே நின்றான். “நான் வேணாம்னுதான்கா சொன்னேன். அவர் கேக்கல. நீ ஒரு வார்த்த சொல்லு, இப்பவே விட்டுடறேன்.”

விடு என்று எப்படிச் சொல்வது? அவனுக்கும் வீடு, குழந்தை. “பண்ணுடா, நல்லாப் பண்ணு” என்றேன். அடியைப் பற்றிக் கேட்டேன். “ஒரே ஊர்த் தண்ணி குடிச்சவங்க, சத்தமும் ஒண்ணாத்தான வரும்” என்றான். நன்றாயிருந்தது பதில். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, அவன் கொண்டுவந்த பருப்புச் சாறு இன்னும் உடம்பில் ஓடுகிறதே.

ஜூன் 19

பக்கத்து ஸ்டுடியோ கல்பனா டீ குடிக்க வந்தவள், “உன் தப்பட்டைய அவனுக்குக் குடுத்திட்டியா?” என்றாள். குடுக்கல என்றேன். “அப்படியா” என்று டம்ளரை வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல்!

எங்கள் தொழிலில் கொடுக்கல் வாங்கல் சகஜம். யாராவது டிஸ்க்கோடு வந்தால் டீ ஆறுவதற்குள் ஊர்ப்பட்ட சாம்பிள் ஒலிகள் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே போய்விடும், கறிவேப்பிலை கேட்பது போலத்தான். ஆனால் தானே மைக் வைத்துப் பதிந்ததை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் எடுக்கவும் மாட்டார்கள். இது எழுதி ஒட்டாத விதி, ஓதேலுவுக்குத் தெரியாதா என்ன.

ஜூன் 24

போனால் பாட்டில் கோரஸ் சுருதி விலகுகிறதாம், கொஞ்சம் சரிபண்ணிக் கொடுக்கா என்று ஓதேலு கெஞ்சல். நாளைக் காலை யாதகிரி சார் கேட்கவேண்டுமாம். என் இடத்தில் அவன் செய்த பாட்டை நானே துடைத்துக் கொடுக்கவேண்டும்! சரி, அனுப்பு என்றேன். என்னை எதால் அடித்தால் தகும்?

ஜூன் 25

நிதானமாக எழுதவேண்டும், இல்லையென்றால் நாளைக்கு எனக்கே இது பொய்யாகத் தெரியும்.

வழக்கமாக இப்படி வேலைக்கு அனுப்புகிறவர்கள் குரலை மட்டும் தனியாகப் பிரித்து அனுப்புவார்கள். அவன் அவசரத்தில் முழு ப்ராஜெக்டையும் அப்படியே அனுப்பிவிட்டான். திறந்தேன். திறந்தது. கோரஸை எடுத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிட்டேன். பாதி வேலை முடிந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது — ஏன் ஒன்றுமே கேட்கவில்லை?

இன்னொருத்தர் ப்ராஜெக்டைத் திறந்தால் முதலில் சண்டைதான். இந்த ஒலியைக் காணோம், அந்த ஒலியைக் காணோம், எங்கே இருக்கிறது காட்டு என்று உயிரை எடுக்கும். ஒவ்வொருவரும் அவரவர் டிஸ்க்கில், அவரவர் வைத்த பெயரில் வைத்திருப்பார்கள். அந்த வழி என் மெஷினில் இருக்காது. இதுவோ, தன் வீட்டுக்குள் நுழைவதுபோல் நேராக வந்து உட்கார்ந்துவிட்டது.

அத்தம்மாவின் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி திறந்தேன்.

அத்தம்மாவைக் காணோம், எங்கே என்று கேட்டது. அவன் பாட்டு. அவன் மெஷினில் செய்த பாட்டு. என் அத்தம்மாவைத் தேடுகிறது.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பாவி ஒரு பாட்டுக்கு வேண்டியதை எடுக்கவில்லை. மொத்தத்தையும் எடுத்திருக்கிறான். தொட்டி அடி, என் சாவி எண்கள், நான் வருஷக்கணக்கில் செதுக்கி வைத்த ஒவ்வொரு சத்தமும். என் அமைப்புகள் எல்லாம் கேள்வி கேட்காமல் அவனிடமும் திறக்கவேண்டும் என்று தன் டிஸ்குக்கும் ‘அத்தம்மா’ என்றே பெயர் வைத்திருக்கிறான். மாற்றியிருந்தால் ஒவ்வொன்றாக வழி காட்டவேண்டுமே, அந்தச் சோம்பேறிக்கு அது முடியுமா! திருடினவன் வீட்டு வாசலில் என் பேர்ப் பலகை.

கோரஸைச் சரிசெய்து அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்? பாடியது ஐந்து பெண்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்.

ஜூன் 26

நேரே அவன் ஸ்டுடியோவுக்குப் போனேன். டிஸ்க் மேசை மேலேயே இருந்தது. திரையில் அந்தப் பெயர். மறைக்கக்கூட இல்லை.

“இது என்னடா?”

பார்த்தான். ஒரு நொடிதான் முகம் மாறியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டான். “உக்காருக்கா, தையல் இழுக்கும்.”

“என் தையல நான் பாத்துக்கறேன். இது என்ன?”

“நகல் எடு, நகல் எடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், நீ எடுக்கல. நான் எடுத்து வெச்சேன். உன்னுது போச்சுன்னா என்கிட்ட இருக்கும்ல?”

“எனக்காகவா எடுத்த? அப்ப போனால் பாட்டும் எனக்காகத்தானா?”

“அக்கா தம்பிக்குள்ள என்னக்கா உன்னுது என்னுது? காப்பி பண்ணினா என்ன, உன்கிட்ட இருந்தது கொறஞ்சா போச்சு? அப்படியேதான இருக்கு!”

உண்மைதானே, என் டிஸ்க்கில் ஒரு சத்தமும் குறையவில்லை. அப்படியானால் எனக்கு எங்கே வலிக்கிறது?

“கேட்டிருக்கலாமேடா” என்றேன். அழுகை வந்துவிட்டது, சனியன்.

“கேட்டா குடுத்திருப்பியா?”

கொடுத்திருக்கமாட்டேன். அதனால்தான் நான் மயக்கத்தில் கிடக்கும்போது எடுத்தான். படிக்கட்டில் இறங்கும்போது பின்னாலிருந்து, “சாப்ட்டுப் போக்கா” என்றான். அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 27

ரமாகாந்திடம் சொன்னேன். பாதி கேட்டுவிட்டு, “இட்லிப் பொடி மாதிரி, அவனும் கொஞ்சம் எடுத்துக்கிட்டான்னு வெச்சுக்கோயேன்” என்றார். இவரோடு இன்று பேச்சில்லை.

யாதகிரி சாருக்கும் போன் செய்தேன். “வீட்டுச் சண்டைய என்கிட்ட கொண்டு வராதீங்கம்மா. அடி நல்லாருக்கு, பாட்டு நல்லாருக்கு.” அவ்வளவுதான். தொட்டிக்குள் இறங்கியது யார் என்று அவருக்கு என்ன வந்தது.

ஜூலை 20

போனால். எங்கள் தெருவில் லாரி நின்று நின்று போனது. ஸ்பீக்கர் அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடி உதறியது. என் தொட்டி, என் நால்வர், அவன் பாட்டு. தலையில் பானை வைத்த பெண்கள், மஞ்சள் பூசிய கால்கள், எல்லோரும் அந்த அடிக்குத்தான் ஆடினார்கள். கல்பனா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கால் தாளம் போட்டது. அதை நிறுத்த முடியவில்லை என்பதுதான் அசிங்கமாயிருந்தது.

ஆகஸ்ட் 9

ராக்கி. அவன் வாசல்வரை வந்ததாக வாட்ச்மேன் சொன்னார். நான் கதவைத் திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து நாள் முழுக்க நகல் எடுத்தேன்.

ஆகஸ்ட் 10

இத்தனை வருஷத்தில் யாருக்கும் கட்டாத முதல் ராக்கி. பாழாய்ப்போன மனசு, சாப்பிட்டிருப்பானா என்று கேட்கிறது.

செப்டம்பர் 11

வரங்கல்லிலிருந்து ஒருவர் போன் செய்தார். புதிதாகச் சேனல் தொடங்கியிருக்கிறாராம், பத்துகம்மா பண்டிகைக்கு ஒரு பாட்டு வேண்டுமாம். பெயர் நரகாரி. பேச்சு மரியாதையாக இருந்தது.

“மேடம், இந்த வருஷம் ஓதேலு அண்ணன் போனால் பாட்டு கேட்டிருப்பீங்களே? அதுல ஒரு அடி வருது பாருங்க, அடிவயித்துல எறங்கற மாதிரி. எனக்கு அது வேணும். அண்ணன் கைல நேரமில்லையாம். நீங்க நல்லாப் பண்ணுவீங்கன்னு அவர்தான் நம்பர் குடுத்தாரு.”

எந்தத் தேதிக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டேன். தயங்குகிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

“அவர் அளவுக்கு வரலேன்னாலும் பரவால்ல மேடம். கிட்டக்க வந்தாப் போதும்.”

முயன்று பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தப்பட்டை ஃபோல்டரைத் திறந்து முதல் அடியைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஓதேலு பாட்டு மாதிரியே இருந்தது.