குதிகால் சத்தம்

செப்டம்பர் 4

பிளாஸ்டர் மாவு வரும் என்று காலையிலிருந்து காத்திருந்தோம். வந்தது ஒரு கேப்டன்.

பூட்ஸோடு பட்டறைக்குள் நுழைந்து, சுவரில் தொங்கும் செயற்கைக் கால்களைக் கறிக்கடையில் நிற்பவர் மாதிரி மேலும் கீழும் பார்த்தார். இந்த வருஷ வெற்றி விழாவில் புதிதாக ஓர் அணி. போரில் காலை இழந்தவர்கள் சக்கர நாற்காலி இல்லாமல், கைத்தடி இல்லாமல் அணிவகுத்து வரப்போகிறார்களாம். பெயர்கூட வைத்தாயிற்று: "தியாகச் சுடர்." எல்லாருக்கும் ஒரே மாதிரி புதுக் கால் வேண்டும். விழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

"சரிங்க சார்" என்றார் எங்கள் மேற்பார்வையாளர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே அதுதான். உங்கள் வீடு பற்றி எரிகிறது என்று யாராவது சொன்னாலும் சரிங்க சார் என்பார்.

மற்ற வேலை எல்லாம் நிறுத்தம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையற்காரரிடம், அடுத்த மாதம் வாங்க என்று நான்தான் போய்ச் சொன்னேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள். தோற்ற பக்கம். போர் முடிந்த பிறகு ஒருநாள் தன் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடப் போனவர், மண்ணுக்குள் கிடந்த கண்ணிவெடியை மிதித்துவிட்டார். இப்போது போட்டிருக்கும் கால் விரிசல் விட்டுப்போயிற்று. அது இல்லாமல் தையல் மெஷினை மிதிக்க முடியாது.

"விழாவா? நல்லதுதான்" என்றார். "ஜெயிச்சவங்களுக்கு முதல்ல குடுங்க. ரெண்டாவதா வந்தவனுக்கு மிச்சம் மீதி இருந்தா சொல்லி அனுப்புங்க."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் அதற்குள் எழுந்து நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

செப்டம்பர் 5

அந்த அணியில் அண்ணனும் இருக்கிறான். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னான். காது வரைக்கும் சிரிப்பு. நாங்களே எங்களுக்குக் கட்டைக்கால் கோஷ்டின்னு பேர் வெச்சுக்கிட்டோம் என்றான். அண்ணி அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

அவனுக்கு இடது கால். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மீதி. முழங்கால் தப்பியதே பெரிய விஷயம் என்று அன்றைக்கு டாக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. முழங்கால் இருப்பவன் மாடி ஏறுவான், சைக்கிள் மிதிப்பான், தடுக்கினால் தன்னைத் தானே பிடித்துக்கொள்வான். அதுவும் போனால் கால் அவனைச் சுமக்காது. அவன்தான் காலைச் சுமக்கவேண்டும்.

செப்டம்பர் 9

முதல் செட் கால்கள் தயார். நால்வரை முற்றத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார் கேப்டன்.

"நடை சரி. சத்தம் எங்க?"

எங்களுக்குப் புரியவில்லை.

"அணிவகுப்புல காலை ஓங்கி மிதிக்கணும். மேடை வரைக்கும் கேக்கணும். இவங்க என்னடான்னா பூனை மாதிரி வர்றாங்க."

நாங்கள் செய்யும் பாதத்தின் குதிகாலுக்குள் மெத்தென்ற ரப்பர் துண்டு ஒன்று இருக்கும். தரையின் அடியை அது வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் அடி நேரே ஏறி, மீதிக் கால் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்துக்குள் போய், வெட்டிய எலும்பின் நுனியில் விழும். நடுவில் இருப்பது தோல் மட்டும்தான். இதை ஒரு கேப்டனுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

"அந்த ரப்பரை எடுத்துட்டுக் கட்டையை வையுங்க" என்றார்.

"தோல் கிழிஞ்சிடும் சார்."

"விழா ஒரு நாள்தானம்மா."

"ஒத்திகை தினமும் நடக்குதே சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, மேற்பார்வையாளரைப் பார்த்தார். பதில் என்னவென்று எழுத வேண்டுமா?

செப்டம்பர் 10

நாள் முழுக்க ரப்பரைப் பிடுங்கிக் கட்டை வைத்தேன். என் கையால்தான். வெறும் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சம்பளக்காரியின் கோபம் வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத்தான் நசுக்கும்.

செப்டம்பர் 14

தையற்காரர் மறுபடி வந்தார். அடுத்த மாதம்தானே சொன்னேன் என்றேன்.

"மெஷினுக்கு மாசம் தெரியலையேம்மா" என்றார். பிறகு, கட்டை வைத்த பாதங்கள் வரிசையாகக் காய்வதைப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கையில் எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். டக். இன்னொரு தடவை. டக்.

"இது நடக்கிறதுக்கா? கதவு தட்டுறதுக்கா?"

"வெச்சுட்டுப் போங்கய்யா" என்றேன், எரிச்சலாக. அந்த எரிச்சல் அவர்மேல் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் 17

அண்ணனின் காலை வம்பு பண்ணிப் பார்த்தேன். எலும்பு நுனியில் சிவப்பு. அவனுடைய பழைய காலோடுதான் இத்தனை நாள் ஒத்திகை, அதற்கே இப்படி. விரலால் அழுத்தினால் வெளுக்கவேண்டும். வெளுக்கவில்லை. இதன்மேல் கட்டைக் குதிகாலை மாட்டினால் புண் வரும், புண் எலும்புக்குப் போகும், பிறகு முழங்காலை எடுக்கச் சொல்வார்கள். அப்படியே அவனிடம் சொன்னேன்.

"விலகிக்கோடா."

"போடி."

"நாம ஜெயிச்ச அந்த நாள்ல நம்ம பக்கம் செத்திருக்காங்க, அந்தப் பக்கமும் செத்திருக்காங்க. அதுக்கு எதுக்குடா பேண்டு வாத்தியம்? கதவைச் சாத்திக்கிட்டு அழவேண்டிய நாள் அது."

சாக்ஸை நிதானமாக ஏற்றிக்கொண்டே பேசினான்.

"சரி, அழலாம். நாடே உக்காந்து அழட்டும். அழுது முடிச்சுட்டு என்கிட்ட வந்து, தம்பி, நடந்தது தப்புன்னு சொல்லும். அப்போ என் கால்? ஜெயிச்சோம்னா நான் குடுத்தேன்னு அர்த்தம். தப்புன்னா தொலைச்சேன்னு அர்த்தம். என்னைக் குடுத்தவனா இருக்க விடு."

அவன் சொன்னது தப்பு என்று தெரிகிறது. எந்த இடத்தில் தப்பு என்று காட்டத் தெரியவில்லை. தவறு அவனிடம் இல்லையோ? ஒருவன் தன் காலைப் பற்றி இரண்டே விதமாகத்தான் நினைக்க முடியும் என்று அவனை நிறுத்தி வைத்தவர்களிடம் அல்லவா இருக்கிறது?

சமையலறையில் அண்ணி பிடித்துக்கொண்டாள். "உங்கண்ணன் கிடங்கு வாசல்ல காவலுக்கு நிக்கிறாரே, லாரிக்காரங்க என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? நொண்டி, கேட்டைத் திற. அவ்வளவுதான். ஒத்திகையில வீரரேன்னு கூப்பிடுறாங்க. அவர் சிரிச்சு எவ்வளவு காலமாச்சு. நீ பாட்டுக்கு வந்து தோல், எலும்புன்னு பாடம் நடத்துறே."

செப்டம்பர் 21

செய்துவிட்டேன்.

அண்ணனின் புதுப் பாதத்தில் ரப்பரை எடுக்கவில்லை. அடியில் மட்டும் மெல்லிய கட்டையை ஒட்டி, சாயம் பூசிவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் மற்றவை மாதிரியேதான். அத்தனை பேர் ஒன்றாக மிதிக்கும்போது ஒருவனின் சத்தம் குறைந்தால் யாருக்குக் கேட்கும்?

மற்றவர்களுடையதில்? செய்யவில்லை. எல்லாவற்றிலும் செய்தால் மாட்டிக்கொள்வேன். இவ்வளவுதான் என் வீரம்.

செப்டம்பர் 26

கேப்டனுக்குக் கேட்டுவிட்டது.

ஒவ்வொருவராக முன்னால் வரச்சொல்லி மிதிக்க வைத்திருக்கிறார். டக், டக் என்று வந்த வரிசையில் அண்ணன் மிதித்ததும் தொப் என்றதாம். மறுபடி மிதிக்கச் சொன்னார். தொப். கோஷ்டி முழுக்கச் சிரித்திருக்கிறது. "என்னடா, உன் கால் சோறு திங்கலையா?" என்று ஒருவன். "பஞ்சுக்கால்" என்றாராம் கேப்டன். சத்தம் வரவில்லை என்றால் விழாவன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொள் என்றும் சொல்லியிருக்கிறார்.

வாசலிலேயே காலைக் கழற்றி என் முன்னால் வைத்தான்.

"நீதானே?"

"ஆமா."

திட்டுவான் என்று பார்த்தேன். ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துத் தத்தி உள்ளே போனான். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 27

என்னைப் பார்த்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செப்டம்பர் 28

காலைச் சரிசெய்ய அண்ணன் என்னிடம் தரவில்லை. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் எடுத்துப்போய், ரப்பரை அறுத்தெறிந்து, கட்டை அடித்து, அதற்குக் கீழே லாடம் மாதிரி இரும்புத் தகடும் அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். மற்றவர்களுடையதைவிட உரக்கக் கேட்கவேண்டுமாம். கூடத்தில் மிதித்துக் காட்டினான். தரை ஓடு ஒன்று விரிசல் விட்டது. அண்ணி கைதட்டினாள், பிறகு என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

நான் ஒழுங்காகக் கட்டையை வைத்திருந்தால் கட்டையோடு நின்றிருக்கும். இரும்பு வந்தது என்னால்.

கேப்டனிடம் போய்க் காலின் நிலைமையைச் சொன்னேன். "அவரே ஆசைப்பட்டு வர்றார். வீட்டுப் பிரச்சினையை வீட்டுல பேசித் தீத்துக்கங்க" என்றார்.

அக்டோபர் 6

வெற்றி விழா.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். கடைத்தெருவில் கயிறு கட்டியிருந்த ஓரத்தில் நின்றேன். டாங்கிகள், குதிரைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல் குழைந்தது: இதோ வருகிறார்கள், தியாகச் சுடர்கள். வாத்தியங்களை வேண்டுமென்றே நிறுத்தினார்கள், கால் சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று.

கேட்டது. தெரு முழுக்கக் கேட்டது. கட்டையும் தார்ச்சாலையும் மோதும் சத்தம். அதற்குள் இரும்பு தனியாக. கண்ணை மூடியிருந்தாலும் அது அண்ணன் என்று சொல்லியிருப்பேன். மற்றவர்களுக்கு அது சத்தம். எனக்கு ஒவ்வொரு அடியும் எங்கே போய் விழுகிறது என்று தெரியும்.

பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாரேன், கால் இல்லாதவங்க மாதிரியே இல்லல்ல?"

இந்த விழாவே அதற்குத்தான் என்று தோன்றியது. கால் போகவில்லை, யாரும் சாகவில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் குடியிருக்கவில்லை. சத்தம் மட்டும் இருக்கிறது.

மேடைக்கு முன்னால் வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு — சந்தோஷமாக இருந்தான். பொய் எழுத மாட்டேன். நான் பார்த்த அளவில் அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கூட்டம் கத்தியது. நானும் கைதட்டினேன் என்பதைக் கை வலித்த பிறகுதான் கவனித்தேன். ச்சீ.

அக்டோபர் 7

சாக்ஸ் கழன்று வரவில்லை. வெந்நீரில் நனைத்து நனைத்து எடுத்தோம். கிண்ணத்தின் அடியில் ரத்தம் உறைந்து கிடந்தது. அண்ணி அதை எடுத்துப்போய்க் கழுவினாள்.

அக்டோபர் 8

பேப்பரில் அணியின் படம். இடுப்பு வரைதான்.

அக்டோபர் 15

காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சீழ் எலும்பு வரை போயிருக்கிறதாம். அணியில் இன்னும் இரண்டு பேர் அதே வார்டில். அவர்களுக்குப் புண் மேலோடு நின்றுவிட்டது. ஒருவன் அண்ணனைப் பார்த்து, "பஞ்சுக்காலு, நீ என்னடா எங்களை முந்திக்கிட்டே" என்றான். அண்ணன் சிரிக்கப் பார்த்தான்.

அக்டோபர் 19

எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு மேலே.

அக்டோபர் 23

போர்க் காயத்துக்கான உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்கக் கேப்டனுக்குப் போன் செய்தேன். அனுதாபம் தெரிவித்தார். "ஆனா இது போர்க் காயத்துல வராதும்மா. புண்ணைச் சரியாப் பாத்துக்கலைன்னுதான் வரும்" என்றார். நான் பேசியதை இங்கே எழுத முடியாது. சரிங்க சார் என்னைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்கவில்லை. என்ன செய்வார்களோ செய்யட்டும்.

நவம்பர் 30

தையற்காரரின் காலை முடித்தேன். போட்டுப் பார்த்து, உட்கார்ந்தபடியே இல்லாத மெஷினை மிதித்துக் காட்டினார். "ஓடுது" என்றார்.

டிசம்பர் 12

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். இன்று அண்ணி என்னிடம், "அன்னைக்கு நீ அந்த ரப்பரை..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

பிப்ரவரி 18

அண்ணனுக்கு இன்று முதல் நடை. பட்டறைக்கு வரமாட்டேன் என்று இத்தனை நாள் அடம். இன்று அவனே கிளம்பினான்.

தொடையிலிருந்து தொடங்கும் கால், நடுவில் பூட்டுப் போட்ட முழங்கால். நடை பழகும் இரட்டைக் கம்பிக்கு நடுவே நிறுத்தினேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கிண்ணத்தைச் சரிபார்க்க வந்திருந்த தையற்காரர் எதிர் முனையில் கம்பியைப் பிடித்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் முன்னே பார்த்ததில்லை. என்னோடு பேசிய பேச்சை வைத்தே யார் எந்தப் பக்கம் என்று இருவருக்கும் தெரிந்திருக்கும்.

நான் நடுவில் போய் நிற்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"சண்டையில போச்சா?"

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு, காலைக் குனிந்து பார்த்தான்.

"முழங்காலுக்குக் கீழ சண்டையில" என்றான். "முழங்கால் விழாவுல."

தையற்காரர் கம்பியிலிருந்து கையை எடுத்து, சுவரோரமாக ஒதுங்கி, அவன் நடந்து வர இடம் விட்டார்.