மரத்துக்குள் சவ்வரிசி

சிவமயம்

சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
20 பெப்ரவரி 1911

அன்பான தங்கச்சி குணமணிக்கு,

அக்கா இராசமலர் எழுதுவது. ஜெயரத்தினம் மாமா குடும்பத்தோடு என் மகள் சிவகாமசுந்தரி சுகமாக வந்து இறங்கினாள். ஒன்றரை வயதில் காய்ச்சலோடு உன் மடியில் விட்டுக் கப்பலேறினேன். இப்போது என் இடுப்புக்கு மேல் நிற்கிறாள். இங்கே பிறந்த மகனைப் புதைத்த பிறகு, இந்த வீட்டில் பிள்ளைக் குரல் கேட்பது இப்போதுதான். அதுவும் அழுகுரல்.

ஒன்றும் சாப்பிடுகிறாள் இல்லை. சயாம் தேசத்து வெள்ளை அரிசியில் சோறு வைத்தால், "இது சோறில்லை" என்கிறாள். இவர் சீனன் கடையில் 'மீ' வாங்கி வந்தார், மாவில் செய்த மஞ்சள் நூல் போன்ற பண்டம். "புழு" என்று பீங்கானைத் தள்ளிவிட்டாள்.

என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். "நான்தான் அம்மா" என்றேன். "இல்லை. அம்மா கரவெட்டியில இருக்கிறா" என்றாள்.

அவளுக்கு என்ன சமைத்துக் கொடுத்தாய் என்று எழுது. பெற்றவள் இதைக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது.

உன் அக்கா,
இராசமலர்

•

சிவமயம்

கரவெட்டி
19 மார்ச் 1911

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இவர் வாசித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவள் விரும்புவது குரக்கன் பிட்டு, அங்கே கேழ்வரகு என்பார்களாம். மாவும் பிட்டு அவிக்க நீத்துப்பெட்டியும் அங்கே கப்பலேறும் முத்துசாமியிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாவை வாசம் வரும்வரை வறுங்கள். தண்ணீரை ஒரேயடியாக விடாமல் தெளித்துத் தெளித்துப் பிசறுங்கள். தேங்காய்ப்பூ கூடவே இருக்கட்டும். வாழைப்பழத்தை நீங்கள் பிசைய வேண்டாம், தானே பிசைவாள்.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதாமல் விடலாமோ என்று கடிதத்தை மூடி வைத்திருந்தேன். முதல் பிடியைத் தான் தின்னமாட்டாள், எனக்குத்தான் ஊட்டுவாள். நான் விழுங்கினால்தான் அவள் சாப்பிடத் தொடங்குவாள். உங்கள் பக்கம் கையை நீட்டினால், அக்கா, வேறு வேலையாக இருந்துவிடாதீர்கள்.

வேம்படியில் கட்டிய ஊஞ்சலை இவர் அவிழ்க்கவிடுகிறார் இல்லை. அவள் நித்திரையில் என்னைக் கூப்பிட்டால் எனக்கு எழுத வேண்டாம்.

உங்கள் தங்கச்சி,
குணமணி

•

சிவமயம்

சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
4 ஜூன் 1911

அன்பான குணமணிக்கு,

மா வந்தது. நீ சொன்னபடியே அவித்தேன். மணம் வந்ததும் குசினிக்கு ஓடி வந்தாள். முதல் பிடியை என் வாயில் வைத்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். "அம்மா எங்கே? பிட்டு வந்திருக்கு, அம்மா வரேல்லையே?" என்று கேட்டு அழத் தொடங்கியவள் காய்ச்சலில் விழுந்தாள். டாக்டர் வந்து பார்க்கும் அளவுக்குப் போய்விட்டது. ஆகையால் இனி மா அனுப்பாதே. மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரி மைமூனிடம் கொடுத்துவிட்டேன்.

எழும்பி உட்கார்ந்ததும் அந்த மைமூன்தான் அவளைச் சாப்பிட வைத்தாள். இலையில் சுற்றிக் கறுப்பாய் ஒரு பலகாரம் கொண்டுவந்தாள். சிவகாமி மணந்து பார்த்து, "தொதல்!" என்றாள். மைமூன் சிரித்து, "டோடோல்" என்றாள். நாங்கள் எங்களுடையது என்று நினைத்திருந்த பலகாரம், குணமணி. சம்பலுக்கும் அவர்களிடம் அதே பெயர்தான். எந்தக் காலத்தில் எந்தக் கப்பலில் யார் கொண்டுவந்தார்களோ.

அன்றிலிருந்து எதைக் கண்டாலும் பெயர் கேட்கிறாள், எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள். மீயும் தின்கிறாள். மைமூன் அவளைக் கூட்டிப்போய்ச் சவ்வரிசி செய்யும் கொட்டகையைக் காட்டியிருக்கிறாள். அதைப் பற்றி அவள் உனக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல, நான் கீழே எழுதியிருக்கிறேன்.

எனக்கு இனிப் பிள்ளை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கேட்கிறேன். இனி அவளுக்கு எழுதினால் 'சின்னம்மா' என்று கையெழுத்து வை. கொடுமை என்று தெரியும்.

உன் அக்கா,
இராசமலர்

சின்னம்மாவுக்கு, சவ்வரிசி அரிசி இல்லை. வயலில விளையிறதும் இல்லை. மரத்துக்குள்ள இருக்கிற சோறு. தீவில மரத்தைப் பிளந்து, தோண்டி, படகில கொண்டு வருவினம். கழுவி உருட்டினா மணி. இங்கே அதுக்குச் சாகு எண்டு பேர். தேங்காய்ப்பாலும் பனங்கட்டி மாதிரி ஒரு கட்டியும் விட்டு அம்மா தந்தவ. நீங்கள் எப்ப வருவீங்கள்? சிவகாமி.

(சின்னம்மா என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள்.)

•

சிவமயம்

கரவெட்டி
9 ஜூலை 1911

செல்லமகள் சிவகாமசுந்தரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சவ்வரிசி ஏதோ ஊரில் விளையும் அரிசி என்றுதான் நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன். மரத்துக்குள் இருக்கிறது என்று நீ சொல்லித்தான் தெரியும். சித்தப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை. பிறகு உன் கடிதத்தை வாங்கி இரண்டுதரம் வாசித்தார்.

எப்போது வருவீர்கள் என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நான் வரமாட்டேன், பிள்ளை. இனி அடிக்கடி எழுதவும் மாட்டேன். கோபம் என்று நினைக்காதே. எனக்கு உன்னில் ஒருநாளும் கோபம் வந்ததில்லை, வரவும் வராது.

அங்கே கிடைப்பதைச் சாப்பிடு. பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள். காய்ச்சல் வந்தால் ஒளிக்காமல் அம்மாவிடம் சொல்லு. அம்மா என்றால் உன் பக்கத்தில் இருந்து இதை வாசித்துக் காட்டுகிறாவே, அவதான்.

இங்கே எல்லோரும் சுகம்.

சின்னம்மா,
குணமணி