குக்கர் விசில் அடங்கும் வரை

பிப்ரவரி 24, திங்கள்

ஜோஷ்வா என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள். நான் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன். "அப்பா, டிபன் வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடு" என்கிறான். இன்ஜினியரிங்கில் இரண்டு அரியர் வைத்தான் என்பதற்காக அன்று நான் பேசியது கொஞ்சமா? "உன்னைப் பெத்ததுக்கு" என்று ஆரம்பித்தேன். மீதியை இங்கே எழுத மாட்டேன். காட்டாங்குளத்தூரில் கல்லூரி விடுதி ஆபீஸில் பதினெட்டு வருஷமாக ஊரார் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசுகிறவள், பெற்ற பிள்ளையிடம் இப்படி.

டாக்டர் பிரஷர் பார்த்தார். "மாத்திரை தர்றேன். தியானமும் பண்ணுங்கம்மா."

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். லெந்து நோன்பு நாட்கள் முடியும்வரை கறி, மீன் கிடையாது என்று அறிவித்தேன். "நீ கத்துறதை விடு ஜான்சி, கறியை நாங்க சாப்பிட்டுக்கிறோம்" என்றார் ஜெபகுமார். கட்டின புருஷன் பேசுகிற பேச்சா இது! ஆனால் சொன்னது சரி.

போனில் ஒரு தியானச் செயலி இறக்கினேன். கடற்கரையில் நடப்பதாக நினைக்கச் சொன்னது ஒரு குரல். நான்கு எட்டு வைப்பதற்குள் குறட்டை விட்டேனாம்.

மார்ச் 8, சனி

பெருங்களத்தூரில் சுபத்ரா மேடத்தின் தியான வகுப்பு. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். அதுவரை தானாகப் போய்வந்த மூச்சு, கவனித்ததும் முட்டியது! "எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்காதுங்க. தேடிப் பாருங்க" என்றார்.

சர்ச்சில் அம்மணி அக்காவுக்கு விஷயம் போய்விட்டது. "ஜெபம் இருக்கறப்போ அது எதுக்கு?" என்று கேட்டார். ஜெபத்திலும் நான்தானே அக்கா பேசிக்கொண்டே இருக்கிறேன்!

மார்ச் 12, புதன்

இந்த வெட்கத்தை எழுதியே ஆக வேண்டும். காலை ஆறிலிருந்து ஆறரை வரை வீட்டில் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை முதல் என் உத்தரவு. ஃபேன்கூடக் கூடாது. இன்று ஆறே காலுக்குக் குக்கர் விசிலடித்தது. கண்ணை மூடியபடியே கத்தினேன்: "ஒரு மனுஷி அமைதியா உக்கார இந்த வீட்ல இடம் இல்லையா?" பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

ஜெபகுமார் கரண்டியோடு வந்து நின்றார். "நீ தியானம் பண்ண ஆரம்பிச்சதுலேர்ந்து நாங்க சத்தமா பல்லுகூட விளக்கறதில்ல."

ஜோஷ்வா தன் அறைக் கதவைச் சத்தம் வராமல் மெல்லச் சாத்திக்கொண்டான். அதுதான் என்னைக் கொன்றது. என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுறான். என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்?

மார்ச் 13, வியாழன்

உட்காரவில்லை. எதுவும் வேண்டாம்.

மார்ச் 18, செவ்வாய்

காலை ரயில். போனில் சார்ஜ் இல்லை, யாரோடும் பேசவும் தெம்பில்லை. கொய்யாப்பழம் விற்கும் அம்மா, "கொய்யாக்கா, கொய்யா!" என்று கூவிக்கொண்டே பெட்டியின் அந்தக் கோடிக்குப் போனார். உட்கார்ந்த இடத்திலிருந்தே காதால் சும்மா அந்தக் குரலோடு போனேன், அது தேய்ந்து அடங்கும்வரை. பிறகு எதிரே வந்த எக்ஸ்பிரஸ். அதுவும் அடங்கும்வரை. பிறகு யாரோ ஒருத்தியின் வளையல். நிமிர்ந்தால் நான் இறங்க வேண்டிய பொத்தேரி! நான்கு ஸ்டேஷனும் மனதுக்குள் ஒரு சண்டைகூடப் போடாமல் வந்திருக்கிறேன்.

சுபத்ரா மேடத்துக்குப் போன் செய்து இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "பேர் எதுக்குங்க? உங்களுக்கு ஒத்துக்கிச்சுல்ல?" என்று சிரித்தார்.

மார்ச் 27, வியாழன்

இப்போதெல்லாம் ஆறு மணிக்குப் பால்கனியில், கண்ணைத் திறந்தபடி. உத்தரவுகள் எல்லாம் ரத்து. தண்ணி லாரி, ஏர்ஃபோர்ஸ் விமானம், ஏரிப் பக்கத்துக் காக்கைகள், குக்கர். எந்தச் சத்தமானாலும் நடுவில் புகாமல் முடியும்வரை கேட்கிறேன். குக்கர் விசில்தான் நின்று நிதானமாக அடங்குகிறது. இன்னொரு விசில் விடச் சொன்னேன். "சாதம் குழைஞ்சிடும்" என்கிறார் ஜெபகுமார். குழையட்டுமே.

சுபத்ரா மேடம் நன்றாக இருக்கட்டும். பெயர்கூடத் தெரியாத அந்தக் கொய்யாப்பழ அம்மாவும் நன்றாக இருக்கட்டும். நாளைக்கு இரண்டு கிலோ வாங்க வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

"அம்மா, என் சாக்ஸ் எங்க?" அப்பா வழியாக இல்லை. நேராக என்னிடம்!

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். ஜோஷ்வா சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ரெண்டு பேப்பர் இல்லம்மா. நாலு."

அவனுக்குக் கட்டிய முதல் ஃபீஸ் தொடங்கி எல்லாமே என் வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அவன் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது. கேட்டேன். முதல் செமஸ்டரிலிருந்தே வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தானாம். யாரிடமும் கேட்க வெட்கமாம். ரிசல்ட் வந்த அன்று, வீட்டுக்கு வரப் பயந்து தாம்பரம் ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தானாம். என் பிள்ளை. எனக்குப் பயந்து.

நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "என்னம்மா, கத்தலையா?"

"சொல்லி முடிச்சிட்டியாடா?"

"இல்ல. இன்னும் இருக்கு."

அடுப்பை அணைத்துவிட்டு, அவனை வாசற்படியிலேயே உட்காரவைத்துப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

ஆண்டவரே, நாலு அரியருக்கு ஸ்தோத்திரம். இப்படி ஒரு வரியை நான் எழுதுவேன் என்று நினைக்கவே இல்லை.