சாட்சிக்கு அத்தை

3-11-97, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கூரை ஒழுகல். இரண்டாம் வரிசை மெஷின்களுக்கு பாலிதீன் போர்த்தினேன். ஏழு மணி பேட்சுக்கு ஆறு பேர்தான். தி.நகரிலிருந்து வீடு வர 12B-க்கு முக்கால் மணி நேரம்.

சனிக்கிழமை விஷயத்தை எழுதவே இல்லை. அடையாறு டாக்டரை ஒரு வழியாகப் பார்த்தாச்சு. இதற்கு முன் இரண்டு தடவை நேரம் வாங்கி, இரண்டு தடவையும் சேகர் போகவில்லை. முதல் தடவை சுத்தமாக மறதி. இரண்டாவது தடவை கிளம்பித்தான் போனார். லஸ் முனையில் யாரோ ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் நின்றிருக்கிறார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்துவிட்டு, எதற்குக் கிளம்பினோம் என்பதே மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மறதிக்கு வைத்தியம் பார்க்க மறக்காமல் போகணும். யார் கண்டுபிடித்த ஏற்பாடோ.

இந்தத் தடவை நானே கையைப் பிடித்து 29C-யில் ஏற்றினேன். முன்னால் பார்த்த இரண்டு டாக்டர்களில் முதலாமவர் சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் தூக்க மாத்திரை கொடுத்து, மனுஷன் ஆபீசிலேயே தூங்கினார். இவர்தான் ஒரு மணி நேரம் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சோம்பேறித்தனம் இல்லம்மா, திமிரும் இல்ல. கவனத்த ஒரு எடத்துல நிறுத்த முடியாத கோளாறு. குழந்தைங்களுக்குன்னுதான் நெனைக்கிறாங்க. சில பேருக்குப் பெரியவங்களானாலும் போறதில்ல."

கல்யாணமாகிப் பத்து வருஷம். சோம்பேறி இல்லை என்று முதல் தடவையாக ஒருத்தர் சொல்கிறார். சேகர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நானும் எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒரு நிபந்தனை. சின்ன வயசிலேயே இருந்ததற்கு ஆதாரம் வேணுமாம். ஸ்கூல் ரிப்போர்ட், இல்லாவிட்டால் அம்மா நேரில் வந்து சொல்லணும். அது இல்லாமல் மாத்திரையும் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. அடுத்த சனி காலை 11.

நாளைக்கு: ரிப்பன் 4, நித்யாவுக்கு ரெயின்கோட், அத்தையிடம் கேட்பது.

4-11-97, செவ்வாய்

ரெயின்கோட் வாங்கவில்லை.

அத்தையிடம் கேட்டேன். ப்ராக்ரஸ் கார்டெல்லாம் எப்பவோ போகியில் போட்டாச்சாம். "கட்டுக் கட்டா இருந்துது. செகப்பு மையா பாத்துப் பாத்து எனக்கே வெறுத்துப் போச்சு. பழசுதானேன்னு கொளுத்திட்டேன்." ஆக, மிச்சம் இருக்கிற ஆதாரம் அத்தைதான்.

வரமாட்டாராம். "பைத்தியக்கார டாக்டரு கிட்ட நான் ஏன்டிம்மா வரணும்?" ஞாயிற்றுக்கிழமை கோமதியைப் பெண் பார்க்க கே.கே. நகரிலிருந்து வருகிறார்கள். நாத்தனாருக்கு வருகிற தை பிறந்தால் இருபத்தொன்பது. இதற்கு முன் நாலு இடம் தட்டிப் போயிருக்கிறது. அத்தையின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

கல்யாணமான புதிதில் அத்தையே சிரித்துக்கொண்டே சொன்னதுதான். "ஒரு நிமிஷம் நிக்க மாட்டான். கால கயித்தால ஜன்னல் கம்பியில கட்டிப் போட்டுத்தான் சோறு ஊட்டுவேன். அவுத்து விட்டா லாரிக்கு அடியில இருப்பான்." சேகரின் இடது கணுக்காலில் இன்னும் அந்தத் தழும்பு.

6-11-97, வியாழன்

மழை. மோசமான நாள்.

சேகருக்கு மூன்றாவது மெமோ. டெஸ்பாட்ச் செக்ஷனில் இரண்டு கவர் மாறிப் போய்விட்டது. இந்த ஊருக்குப் போக வேண்டியது அந்த ஊருக்கு. சூப்பரின்டென்டென்ட் நல்ல மனுஷர், கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "பதினேழாம் தேதிக்குள்ள டாக்டர் சர்டிபிகேட் கொண்டா சேகர். வேற சீட்டுக்கு மாத்தறேன். இல்லேன்னா சார்ஜ் ஷீட்தான், என் கையில இல்ல."

இன்றைக்கே நித்யாவை ஸ்கூலிலிருந்து அழைத்து வர வேண்டியதும் அவர்தான். மறந்துவிட்டார். ஐந்தே முக்காலுக்கு நான் போனபோது வாட்ச்மேன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது குழந்தை. தலையெல்லாம் நனைந்து. இரண்டாங்கிளாஸ் குழந்தை. எங்கே அப்பா என்றுகூடக் கேட்கவில்லை, பழகிவிட்டது.

அவர் எங்கே இருந்தார்? இன்ஸ்டிட்யூட்டின் பழைய மெஷின் ஒன்றை ரிப்பேருக்கு வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். ஆபீசில் பர்மிஷன் போட்டுச் சீக்கிரமே வந்தவர் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். காபி ஆறிப்போய்ப் பக்கத்தில். மெஷின் புதுசு மாதிரி ஓடுகிறது. "இதுக்கு மட்டும் எப்படிங்க கவனம் வருது?" என்று கத்தினேன். "தெரியல சுமதி. சத்தியமா தெரியல" என்றார். அறையலாம் போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை, சாப்பிடும்போது சொன்னார்: "சனிக்கெழம எத்தனை மணிக்குப் போகணும்?"

நித்யாவின் டைரியில் மிஸ் எழுதியிருக்கிறாள்: பெற்றோர் வந்து பார்க்கவும். அடுத்த வாரம் பார்க்கலாம்.

8-11-97, சனி

கொஞ்சம் வெயில். அரை நாள் லீவ். சேகரை நாலு தடவை சரிபார்த்தேன். சாவி, கண்ணாடி, செருப்பு, பழைய மருந்துச் சீட்டு. அத்தை விபூதி வைத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "சின்ன வயசுல எப்படிம்மா இருந்தாரு?" அத்தை வாயைத் திறந்தார், சொல்லத்தான் வந்தார், எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் டாக்டர் ஃபைலைப் பிரித்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் எழுதுவீங்களா?"

"ஆமாம்மா. ரெக்கார்டுல இருக்கணுமில்ல."

அத்தை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். "வீட்ல ரொம்ப சமத்து டாக்டர். இருக்கற எடமே தெரியாது."

நான், "அத்தை, அந்தக் கயிறு விஷயத்தச் சொல்லுங்க" என்றேன்.

"என்ன கயிறு?"

சேகர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பேன்ட்டை ஒரு தடவை கீழே இழுத்துவிட்டார். காட்டுங்க, காட்டித் தொலைங்க என்று மனசுக்குள் கத்துகிறேன். டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு, "அம்மா சொல்றது சரிதான் டாக்டர்" என்றார்.

நான் தழும்பைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "பெத்தவங்களும் இல்லேங்கறாங்க, அவரும் இல்லேங்கறாரு. நீங்க சொல்றத மட்டும் வெச்சு நான் எழுத முடியாதும்மா." டென்ஷனாக இருக்கலாமாம். மறுபடி தூக்க மாத்திரை.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோமதி கல்யாணம் முடியட்டும்மா. அப்புறம் நானே வந்து எல்லாத்தையும் சொல்றேன்." கையை இழுத்துக்கொண்டேன். லஸ்ஸில் கண்டக்டர், "இன்னாமா, தூங்கினு கீறியா? எறங்கு சீக்கிரம்."

9-11-97, ஞாயிறு

கேசரி, பஜ்ஜி. ஒன்பது பேர். மாப்பிள்ளைக்கு கூச்ச சுபாவம், நல்ல பையன்தான். பேச்சுவாக்கில் மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டாள்: "குடும்பத்துல உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" அத்தை, "கடவுள் புண்ணியத்துல ஒண்ணுமில்ல" என்றார். நான் காபி கொடுத்தேன்.

பிடித்துவிட்டதாம். தையில் முகூர்த்தம். கோமதி அண்ணன் காலில் விழுந்து கும்பிட்டாள். சேகர் சிரித்த முகமாக இருந்தார். பார்த்து நாளாச்சு.

சாயங்காலம் மாடியில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று. "அம்மாவப் பொய்யாக்கச் சொல்றியா, அதுவும் இந்த நேரத்துல?" அப்புறம், "நாப்பது வருஷம் இப்படியே ஓட்டிட்டேன் சுமதி." எனக்குப் பத்து வருஷம்தான் ஆகிறது, என்னால் முடியவில்லை என்று சொல்லவில்லை.

17-11-97, திங்கள்

சார்ஜ் ஷீட். விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷன். கவரை அவர் கொண்டுவரவில்லை, பஸ்ஸில் விட்டுவிட்டார். ஆபீசில் வேறு காப்பி கேட்கணும்.

அத்தை இன்னும் சாப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

19-11-97, புதன்

தூறல். நித்யா ஸ்கூலுக்குப் போனேன். இனியும் தள்ள முடியாது.

மிஸ் சின்னப் பெண், நல்ல மாதிரி. நோட்டைக் காட்டினாள். பாதிக் கணக்கு, பாதிக் கிளி படம். பெஞ்சில் உட்காருவதில்லையாம். இந்த மாதம் நாலு பென்சில் டப்பா தொலைத்திருக்கிறாள். "அடுத்த வருஷம் சேத்துக்கறது கஷ்டம்னு ஹெச்.எம். சொல்றாங்க. அதுக்குள்ள என்னன்னு பாக்கலாம். வீட்ல எப்படிங்க இருப்பா?"

கேட்டுக்கொண்டே ரெஜிஸ்டரைப் பிரித்து, நித்யா பெயருக்கு நேரே பேனாவை வைத்தாள்.

"வீட்ல ரொம்ப சமத்து மிஸ்" என்றேன்.