ஆறாம் வகுப்பு எங்கே படித்தாள்

ஜூன் 23, திங்கள்

காலை ஐந்து மணி டூட்டி. ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனிக் காற்று வேறு. செக்கானூரணி வருவதற்குள் சட்டை முழுக்கப் புழுதி. டிக்கெட் மெஷின் இரண்டு தடவை மக்கர்.

கார்த்திகாவின் மெடிக்கல் அப்ளிகேஷனுக்கு வேண்டியவை:
பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் – இருக்கிறது.
நீட் மார்க் அட்டை – பிரிண்ட் எடுக்க வேண்டும்.
சாதிச் சான்றிதழ் – இருக்கிறது.
போட்டோ – நீலப் பின்னணி கூடாதாம். மறுபடி எடுக்க வேண்டும்.
ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று – நாளை பெண்கள் பள்ளி எச்.எம்.மிடம்.

இதுதான் முக்கியம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு. அதில் போனால் கார்த்திகாவுக்குச் சீட் உறுதி என்று அவள் பயாலஜி டீச்சரே சொல்லிவிட்டார். எம்.பி.சி.யில் மட்டும் போனால் மார்க் பத்தாது.

நாகமலையில் ஏறும் ரிட்டயர்டு பேங்க் ஆள் இன்றும் ஆரம்பித்தார். "என்ன கண்டக்டர் தம்பி, நெறைய மார்க் எடுத்தவன் வெளிய நிக்கிறான், கொறஞ்ச மார்க்குக்காரன் உள்ள போறான். இது என்ன நியாயம்?"

விடுவேனா. "சார், உங்க பேரன் ரெண்டு வருசமா கோச்சிங்ல உக்காந்திருக்கான். எம்மக பள்ளிக்கூடத்துக்கு பிசிக்ஸ் வாத்தியார் வந்ததே தைப்பொங்கலுக்குப் பெறகுதான். ரெண்டு மார்க்கும் ஒரே மார்க்கா?"

கடைசி சீட்டில் யாரோ கை தட்டினார்கள். பேங்க் ஆள் பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் அழகர்சாமி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "மாப்ள, டிக்கெட் போடுறியா, மீட்டிங் போடுறியா?"

செல்விக்குத்தான் பிடிக்கவில்லை. "சீட்டு வரட்டும், பெறகு தம்பட்டம் அடிங்க" என்றாள். பெண்டாட்டிகள் எப்போதும் இப்படித்தான்.


ஜூன் 24, செவ்வாய்

லீவு போட்டேன். எச்.எம். நல்ல அம்மா. உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் கார்த்திகாவின் பேரைத் தட்டினார்.

"ஏழாவதுலருந்து பன்னெண்டு வரைக்கும் நம்ம பள்ளிக்கூடம். ஆறாவது எங்க படிச்சா?"

சொன்னேன். ரோட்டுமேலே இருக்கிற பள்ளிக்கூடம், என் பஸ் நிற்கிற ஸ்டாப்பிலேயே.

"அது எய்டட் ஆச்சே."

"கவர்மெண்டு பள்ளிக்கூடந்தான் மேடம்."

"இல்லைங்க. நிர்வாகம் தனியார். அரசாங்கம் சம்பளம் மட்டும் குடுக்குது. நிதி உதவி பெறும் பள்ளி. ஏழரைக்கு அது சேராது."

புஸ்தகம் இலவசம். யூனிபார்ம் இலவசம். சத்துணவு, முட்டை. பஸ் பாஸ். வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம். எங்கள் பக்கம் எவனைக் கேட்டாலும் அதைக் கவர்மெண்டுப் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வான். ஃபீஸ் கட்டினால் பிரைவேட், கட்டாவிட்டால் கவர்மெண்டு. இதற்கு மேல் எங்களுக்கு என்ன தெரியும்?

ஒரே ஒரு வருஷம். அந்த வருஷம் செல்விக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. என் பஸ்ஸில் ஏற்றி, என் கையால் இறக்கிவிட்டு, சாயங்காலம் என் பஸ்ஸிலேயே கூட்டி வந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். டிப்போவில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.


ஜூன் 25, புதன்

மதுரையில் கல்வி ஆபீஸ். இரண்டு மணி நேரம் வராண்டாவில் நின்றேன். ஃபேன் இருக்கிறது, ஓடவில்லை.

கிளார்க் சின்ன வயசுப் பையன். கோபமெல்லாம் படவில்லை. சட்டத்தை எடுத்துப் படித்தே காட்டினான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. "தனியார் பள்ளியில கட்டாயக் கல்விச் சட்டத்துல எட்டு வரைக்கும் படிச்சுட்டு, ஒன்பதுலருந்து அரசுப் பள்ளிக்கு வந்திருந்தாகூட எடுத்துக்குவாங்க சார். இதுக்கு வழி இல்ல."

அதாவது, ஏசி போட்ட பள்ளிக்கூடத்தில் மூணு வருஷம் இருந்த பிள்ளைக்கு வழி உண்டு. முட்டை வாங்கித் தின்ற என் பிள்ளைக்கு இல்லை. இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

"யாராச்சும் ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

"ஆறாம் வகுப்புல யாரு சார் டாக்டர் சீட்டைப் பத்தி யோசிக்கிறா?"

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தேன். ஐஸ் அதிகம், பல் கூசியது.


ஜூன் 26, வியாழன்

அழகர்சாமி யோசனை சொன்னார். "மாப்ள, ஒரு கையெழுத்துதான. ஆறையும் சேத்துக் குடுக்கச் சொல்லு. எவன் பாக்கப் போறான்?"

கேட்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய்க் கேட்டேன். எச்.எம். அம்மா திட்டவில்லை. ஆறாவதுக்கு நேரே எய்டட் என்று பதிவாகியிருந்த கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

கார்த்திகாவிடம் இன்றுதான் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள். "சரிப்பா" என்றாள். அழுதிருந்தால் தேவலை. செல்வி அடுப்படியிலிருந்து, "என் ஆப்பரேசனால வந்த வினை" என்றாள். அதற்கு அவளிடம் எரிந்து விழுந்தேன். யார்மேல் எரிந்து விழுவது என்ற விவஸ்தை இல்லை.

எம்.பி.சி.யில் மட்டும் அப்ளிகேஷன் போட்டாயிற்று.


ஜூலை 26, சனி

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது.

லிஸ்ட் வந்துவிட்டது. கார்த்திகாவின் நம்பர் எங்கேயோ கீழே. சீட் வராது. அரசுப் பள்ளி லிஸ்டில் முத்துலட்சுமி பேர் மேலே இருக்கிறது. கார்த்திகாவோடு ஒரே பெஞ்ச். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒச்சப்பன் மகள். கார்த்திகாவைவிட முப்பத்திரண்டு மார்க் கம்மி.

கார்த்திகாதான் அவளுக்கு போன் போட்டுச் சொன்னாள். இரண்டும் போனில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தது. எப்படி முடிகிறது இவளுக்கு?

பஸ்ஸில் தினமும் பத்துப் பேர். "அண்ணே, டாக்டரம்மா எந்தக் காலேஜு?" டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நானே மூட்டிய நெருப்பு.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுதவே கூசுகிறது. ஆனால் எழுத வேண்டும்.

சாயங்காலம் ஒச்சப்பனும் முத்துவும் லட்டு டப்பாவோடு வந்தார்கள். ராமநாதபுரத்தில் சீட். ஒச்சப்பன் புதுச்சட்டை போட்டிருந்தான். சேரில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணே, ஒங்க மக இல்லாட்டி எம்பிள்ளைக்கு இது ஏது? அம்புட்டையும் உக்காந்து சொல்லிக் குடுத்துச்சுண்ணே."

நல்ல வார்த்தைதான் சொன்னான். எனக்கு என்ன பேய் பிடித்ததோ.

"ஆமாப்பா. சொல்லிக் குடுத்தவ வீட்டுல இருக்கா. முப்பத்திரெண்டு மார்க் கொறஞ்சவ டாக்டருக்குப் போறா. நல்லா இருக்குய்யா நியாயம்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. ஒச்சப்பன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. முத்து டப்பாவை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, "வாரோம் மாமா" என்றாள். செல்வி காபி கொண்டு வந்தபோது வாசலில் செருப்பு இல்லை.

கார்த்திகா எதிரில் வந்து நின்றாள். வீட்டுக்குள் சண்டையே போடாத பிள்ளை.

"நாகமலை பேங்க் சார் சொன்னா நீ சண்டைக்குப் போவ. நீயே சொன்னா நாங்க யாருகிட்டப்பா போயிச் சண்டை போடுறது?"

அதோடு போய்ப் படுத்துவிட்டாள். சாப்பிடவில்லை. லட்டு அப்படியே இருக்கிறது.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேங்க் ஆளுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. அழகர்சாமி வாய்தான். தோளில் கை வைத்து, "இப்பப் புரியுதா தம்பி? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றார். என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டார்!

கையைத் தட்டிவிட்டேன். "சார், ஒதுக்கீடு தப்புன்னு நான் எப்பவும் சொல்லல. கோடு கிழிச்சவன் எம்மகளை வெளிய விட்டுட்டான். அதுக்காகக் கோடே வேணாம்னு சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டேன், சரியாகத்தான் சொன்னேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை முகத்துக்கு நேரே வேறு மாதிரி அல்லவா சொன்னேன். பேங்க் ஆளிடம் வருகிற நியாயம் ஒச்சப்பனிடம் வரவில்லை. பேங்க் ஆளின் பேரனைப் பற்றி நான் பேசியதெல்லாம் எனக்கே திரும்பக் கேட்கிறது. தலைவலி.

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.


ஆகஸ்ட் 11, திங்கள்

கார்த்திகா பெண்கள் காலேஜில் பி.எஸ்சி. சேர்ந்துவிட்டாள். விலங்கியல். அடுத்த வருஷம் மறுபடி நீட் எழுதுவாளாம். கேட்டேன், எந்தக் கோட்டாவில் என்று. "மார்க்லதான். வேறென்ன இருக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

ஒச்சப்பன் இப்போதெல்லாம் என் பஸ்ஸில் ஏறுவதில்லை. அடுத்த வண்டிக்கு நிற்கிறான். இரண்டு நாள் பார்த்துவிட்டேன். இறங்கிப் போய் இரண்டு வார்த்தை பேச வேண்டியதுதானே. டைம் கீப்பர் கத்துவார் என்று எனக்கு நானே சாக்கு.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

மழை வரப்பார்த்து வரவில்லை. புழுக்கம். காலை இரண்டாவது டிரிப்.

உசிலம்பட்டியில் ஒச்சப்பனும் முத்துவும் ஏறினார்கள். வேறு வண்டி கிடைக்கவில்லை போல. தகரப் பெட்டி, பாய், பக்கெட். காலேஜில் சேரப் போகிறார்கள். பெட்டியை நானே வாங்கி டிரைவர் பின்னால் வைத்தேன். ஒச்சப்பன் காசை நீட்டினான், டிக்கெட் கொடுத்தேன். முத்துவுக்கு மகளிர் இலவச டிக்கெட் கிழித்தேன்.

மூணு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தைகள் இருக்கின்றன. கோபத்தில் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காத தாயி, நீ வாங்கினது உன் சீட்டு. இவ்வளவுதான். கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று பார்த்தேன். கருமாத்தூரில் குறைந்தது. அவள் சீட் பக்கத்தில் போய் நின்றேன். ஒச்சப்பன் தூங்கிவிட்டிருந்தான்.

நான் வாயைத் திறக்குமுன் அவள் பேசினாள். மெதுவாக, அப்பனுக்குக் கேட்காமல்.

"மாமா, நான் கேட்டுப் பாத்துட்டேன். சீட்டு வேணாம்னு எழுதிக் குடுத்தா கார்த்திக்கு வருமான்னு. கவுன்சிலிங் ஆபீசுக்குப் போன் பண்ணித்தான் கேட்டேன். வராதாம் மாமா. அரசுப் பள்ளி லிஸ்ட்ல அடுத்து இருக்கிற வேற பிள்ளைக்குத்தான் போகுமாம்."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துச்சுன்னா குடுத்திருப்பேன் மாமா. கார்த்திகிட்ட சொல்லிராதீங்க."

பின்னால் யாரோ, "அண்ணே, செக்கானூரணி ரெண்டு" என்றார்கள். இரண்டு டிக்கெட் கொடுத்தேன். சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன் போல, அந்த ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.