மூன்றாவது மூட்டை

சிட்டு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், நீயும் அங்கே அப்படித்தான் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு பேனாவை எடுத்தேன். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, சரிசெய்தாயிற்று. ஜூஸ் மில்லில் பழம் நறுக்கும் மேசையில் என் பக்கத்தில் நிற்கும் கண்ணாடி அக்காவுக்குத் தினமும் உன் விசாரிப்புதான், ஏண்டி உன் பொண்ணு நம்ம குப்பையைக் காய்ச்சியே டாக்டர் பட்டம் வாங்கிடுவாளாமே, அப்ப இத்தனை வருஷமா அதுக்குள்ளயே நிக்கிற நமக்கு என்ன பட்டம் தருவாங்க என்று கேட்கிறாள். மூன்றாவது மூட்டைத் தோலில் செய்தது என்று நீ அனுப்பிய தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆரஞ்சுத் தோலுக்குள் இருக்கும் நாரைத் தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிசாகப் பிரித்தது, நானோ செல்லுலோஸ் என்று பெயர், பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாக வரும், மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தப் பக்கம் என் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, இது நம்ம தோலா, சும்மா கதை விடாதே என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான், எனக்குச் சுருக்கென்றது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் சிட்டு. போனில் மூன்று தடவை வாயெடுத்தேன், உன் சிரிப்பைக் கேட்டதும் குழாய் ஒழுகும் கதையைச் சொல்லி வைத்துவிட்டேன். அப்பா போன பிறகு நீ சிரித்ததே அந்த மூட்டை வந்த பிறகுதானே. முதல் இரண்டு மூட்டையையும் அப்பாவே அலசிக் காயவைத்து அனுப்பினார். மூன்றாவதை, மில் கழிவை அள்ளும் தன் சக்கை வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார், மறுநாள் அவரே இல்லை. நீ வந்து இருந்த பத்து நாளும் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ போன பிறகு பிரித்தால், ஈரத்தில் புழுங்கித் தோல் முழுக்கக் கருப்புக் கருப்பாகப் பூசணம். அவர் கடைசியாகத் தூக்கிவந்தது, வெளியே கொட்டக் கை வரவில்லை. எங்கள் மேசையில் கத்தி, கூடை எது கறையானாலும் பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுப்பதுதானே பழக்கம், அதே கையோடு தோலையும் வாளியில் போட்டு ஒரு பகல் முழுக்க ஊறவைத்தேன். கறை போய்ப் பளிச்சென்று ஆனது. சுத்தமாக்கி அனுப்புகிறேன் என்றுதான் நினைத்தேன் கண்ணு.

போன வாரம் நீ சொன்னாய், குளோரின் பக்கமே போகலம்மா, எலுமிச்சையில இருக்கிற புளிப்பும் சுடுதண்ணியும்தான், அதுதான் என் வேலைக்கே பெருமை என்று. இந்த மூட்டை மட்டும் எப்படி இவ்வளவு வெள்ளையா வந்துச்சுன்னு பேராசிரியர் அம்மாவே அசந்துட்டாங்க, கடைசியா அப்பா எனக்குக் கொடுத்துட்டுப் போனதும்மா என்றாய். பிளீச்சிங் தண்ணீரும் குளோரினும் ஒன்றுதானா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். எல்லாம் அதேதாம்மா என்றார். அந்த வெள்ளை அப்பா கொடுத்தது இல்லை, நான் செய்தது. இதை உன்னிடமிருந்து பிடுங்குகிறோமே என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் கட்டுரையை அனுப்பப்போவதாகச் சொன்னாயே, அனுப்பாதே. பேராசிரியர் அம்மாவிடம் நீயே போய் நடந்ததைச் சொல். திட்டினால் எங்க அம்மா பண்ணின வேலை என்று என்னைக் காட்டிக்கொடு, எனக்கு அதில் வருத்தமில்லை. முதல் இரண்டு மூட்டையில் கொஞ்சம் பழுப்பாக வந்தது என்றாயே, அப்பா கைபட்டது அதுதான், அதையே எழுது.

சக்கை வண்டிக்குப் புதிதாக வந்திருப்பவரிடம் சொல்லி ஒரு மூட்டை வாங்கிவிட்டேன். வெறும் தண்ணீரில் நாலு தடவை அலசி மாடியில் நிழலில் பரப்பியிருக்கிறேன், வேறு எதையும் கிட்டே கொண்டுபோகவில்லை. இந்தக் கடிதம் கூரியரில் நாலு நாளில் உன் கைக்கு வந்துவிடுமாம். ஆய்வுக்கூடத்தில் கண்ணுக்கு மாட்டுவதை மறக்காமல் மாட்டிக்கொள். கோபம் வந்தால் போன் செய்து ஆசைதீரக் கத்து, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என் தங்கம்.

உன் அம்மா

மடிக்கப்போகும்போது நினைவு வந்தது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க அப்பா ஒரு தோலைக் காதருகே வைத்து ஒடிப்பார், தலையாட்டிய பிறகுதான் மூட்டை கட்டுவார். காலையிலிருந்து நானும் ஒடித்து ஒடித்துக் கேட்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு சத்தம் போடுகிறது. எந்தச் சத்தத்துக்கு அவர் தலையாட்டினார் சிட்டு?